கொரியன் ஸ்கால்ப் ஸ்பா: குமுளியில் ஒன்றரை மணி நேரம்... கம்பத்தில் அப்பத்தா கேட்ட ஒரே ஒரு கேள்வி!

இன்ஸ்டாவில் நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பொண்ணு கண்ணை மூடிப் படுத்திருப்பாள். நெற்றிக்கு மேலே வில் மாதிரி வளைந்த குழாய். அதிலிருந்து தண்ணீர் மெல்லிசாகத் திரைபோல வழியும். யாரோ ஒருவர் விரல்களால் தலையைப் பிடித்துவிடுவார். பின்னணியில் பியானோ. பார்க்கிற நமக்கே தூக்கம் வந்துவிடும். கமென்ட்டில் மட்டும் யாருக்கும் தூக்கமே இல்லை. 'லொகேஷன் ப்ளீஸ்', 'ரேட் எவ்ளோ?' என்று வரிசை கட்டி நிற்பார்கள்.

'கொரியன் ஸ்கால்ப் ஸ்பா' என்கிற இந்தச் சமாசாரம் பெருநகர மால்களைத் தாண்டிச் சுற்றுலா ஊர்களுக்கும் வந்துவிட்டது. லீவுக்கு சென்னையிலிருந்து போடி ரயிலேறி, தேனியில் இறங்கி, கம்பத்தில் இருக்கிற வீட்டுக்குப் போயிருந்தேன். தோழியோடு குமுளி வரைக்கும் ஒரு ரவுண்டு போனபோது அந்த போர்டு கண்ணில் பட்டது. ஆறு மாசமாக எனக்கு முடி கொட்டிக்கொண்டிருந்தது. பாத்ரூம் ஜாலியில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன யாருக்கும், நான் ஏன் உள்ளே போனேன் என்று விளக்கத் தேவையில்லை.

கேமரா காட்டிய பயம்

கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே மலைப்பாதையில் ஏறினால் குமுளி. தமிழ்நாடு முடிந்து கேரளா தொடங்குகிற இடம், தேக்கடிக்கு வாசல். ஏலக்காய், மிளகுக் கடைகளுக்கு நடுவே ஆயுர்வேத மசாஜ் போர்டுகள் பல வருஷமாக இங்கே உண்டு. கொரியா மட்டும்தான் புதுசு.

முதலில் டெஸ்ட். பேனா மாதிரி ஒரு கேமராவை உச்சந்தலையில் வைத்தார்கள். எதிரே திரையில் என் தலை. வெள்ளை வெள்ளையாகச் செதில், எண்ணெய்ப் படலம், அங்கங்கே ஒல்லி ஒல்லியாக முடி. அத்தனை மடங்கு பெரிதாக்கினால் ரோஜா இதழ்கூட சொறி பிடித்த மாதிரிதான் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. வயிற்றைக் கலக்கியது.

பிறகு சிகிச்சை. மென்மையான பிரஷ்ஷால் செதிலைத் தேய்த்து எடுப்பது, இரண்டு முறை ஷாம்பூ, சீப்பு போன்ற ஒன்றால் வருடிவிடுவது, நீராவி, சின்னச் சின்ன பாட்டில்களில் சீரம், கழுத்து - தோள் மசாஜ், கடைசியில் அந்தத் தண்ணீர்த் திரை. பொய் சொல்ல மாட்டேன், சுகமாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒன்றரை மணி நேரம் போனைத் தொடவில்லை. 2,800 ரூபாய்.

எழுந்து உட்கார்ந்ததும்தான் கதை மாறியது. மேனேஜர் வந்து திரையில் என் தலையை மறுபடி போட்டார். "இப்பவே ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கலைன்னா ரெண்டு வருஷத்துல உச்சி தெரிஞ்சிடும் மேடம். பத்து சிட்டிங் பேக்கேஜ் 24,000 ரூபாய்தான். இன்னைக்கு மட்டும் ஆஃபர்." என் வயசு, சாப்பாடு, காய்ச்சல், தூக்கம் எதையும் அவர் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்தேன்.

"அக்கா, நான் கொரியா இல்ல!"

எனக்குத் தலை தேய்த்த பெண்ணுக்கு 22, 23 வயசு இருக்கும். அவரை என் தோழி கொரியக்காரி என்றே நினைத்து, "கம்சாஹம்னிதா" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பிய்ந்த தமிழில் சொன்னார்: "அக்கா, நான் கொரியா இல்ல, மணிப்பூர். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. செல்ஃபி எடுக்கிறாங்க. ஓனரும் ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காரு."

இதில் ஒரு பெரிய கதை ஒளிந்திருக்கிறது. கொரிய அலை நமக்கு நெட்ஃப்ளிக்ஸோடு வந்தது. மணிப்பூருக்கு அதற்கும் இருபது வருஷம் முன்பே வந்துவிட்டது. 2000-ல் அங்கே ஒரு கிளர்ச்சி அமைப்பு இந்திப் படங்களைத் தடை செய்தது. காலியான திரையை கேபிளில் வந்த கொரியாவின் 'அரிராங்' சேனலும் கொரியத் தொடர்களின் சிடிக்களும் நிரப்பின. உடை, முடி வெட்டு, பேச்சு என எல்லாவற்றிலும் கொரியா புகுந்தது. டெல்லியிலும் பெங்களூரிலும் தன் முகத்தைப் பார்த்து 'சைனாவா?' என்று கேலி செய்யப்பட்டு வந்த ஒரு தலைமுறை, இப்போது அதே முகத்துக்காக 'கொரியன் தெரபிஸ்ட்' என்று வேலைக்கு எடுக்கப்படுகிறது. கேலியும் முகத்தை வைத்துத்தான், வேலையும் முகத்தை வைத்துத்தான். அவர் எந்த ஊர் என்று கேட்க மட்டும் ஆளில்லை.

அவர் விரல் நுனிகள் வெடித்திருந்தன. நாள் முழுக்கத் தண்ணீரிலும் ஷாம்பூவிலும் கை இருந்தால் தோல் வறண்டு புண்ணாவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். கையுறை போட்டால் 'ஃபீல் வராது' என்று கஸ்டமர் சொல்வார்களாம். நம் தலைக்குக் கிடைக்கிற சுகத்துக்கு யாரோ ஒருவரின் கை விலை கொடுக்கிறது. இது எந்த ரீல்ஸிலும் வராது.

தமிழ்நாட்டுக்கும் கொரியாவுக்கும் உறவு 1996-ல் ஹூண்டாய் சென்னைக்கு வந்ததிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கார் வாங்க அப்பாக்கள் யோசித்த அளவுக்கு மகள்கள் யோசிக்கவில்லை. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயசுப் பெண்கள் மூன்று பேர், பி.டி.எஸ் குழுவைப் பார்க்கக் கப்பலேறப் போகிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தி நினைவிருக்கும். அதே 2024-ல் கொரியாவின் அழகுசாதன ஏற்றுமதி 1,000 கோடி டாலரைத் தாண்டியது. பாட்டு, சீரியல், சீரம் எல்லாம் ஒரே பொட்டலம். நாம் வாங்குவது அந்தப் பொட்டலத்தைத்தான்.

அவங்களுக்கு சாங்போ, நமக்கு வசம்பு

சரி, இது கொரியப் பாரம்பரியமா? 'ஹெட் ஸ்பா' என்ற வடிவத்தைப் பிரபலமாக்கியதில் ஜப்பானுக்குப் பெரிய பங்கு உண்டு. கேமரா டெஸ்ட், பல கட்ட சிகிச்சை என்று அதை கிளினிக் மாதிரி மாற்றி விற்றது சியோல். அந்த வளையத் தண்ணீர் கிழக்காசியா முழுக்க எல்லோரும் பயன்படுத்துவது. ஆக, இது பாட்டி வைத்தியம் இல்லை, நேற்றைய பிசினஸ்.

ஆனால் கொரியாவுக்கும் ஒரு பாட்டி வைத்தியம் உண்டு. சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் வருகிற 'தானோ' பண்டிகையன்று, 'சாங்போ' என்ற செடியைக் கொதிக்க வைத்த தண்ணீரில் பெண்கள் தலை அலசுவார்கள். முடி பளபளக்கும், கெட்டது அண்டாது என்பது நம்பிக்கை. அந்த சாங்போ வேறு எதுவுமில்லை, நம்ம வீட்டு வசம்பு இனம்தான்! குழந்தைக்குச் சுட்டு உரசித் தருவோமே, ராத்திரியில் பேர் சொல்லக் கூடாது என்று 'பிள்ளை வளர்ப்பான்' என்போமே, அதே வசம்பு. இன்ஸ்டாவில் இன்று 'கொரியன் ரைஸ் வாட்டர்' என்று ஓடுவதும் அப்படித்தான். சோறு வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தலைக்குத் தேய்த்த வீடுகள் கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கின்றன.

இன்னொரு வேடிக்கை. 'ஷாம்பூ' என்ற சொல்லே இந்தியச் சரக்கு. பிடித்துவிடு, அமுக்கு என்ற பொருளில் வரும் 'சாம்போ' என்ற இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் மசாஜும் தரும் நிலையம் நடத்தி, அரசருக்கே 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். அப்போது ஷாம்பூ என்றால் மசாஜ். சோப்பு நுரை பின்னால்தான் வந்தது. அதே ஷாம்பூவைக் குட்டி பாக்கெட்டில் அடைத்துக் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டு வந்ததில் நம்ம கடலூர்க்காரர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த பாக்கெட் வந்த பிறகுதான் பல வீடுகளில் சீயக்காய் அரைக்கிற மெஷினுக்குப் போவது நின்றது.

முடியை விற்று எழுந்த நாடு

கொரியாவுக்கும் முடிக்கும் உள்ள உண்மையான உறவு ஸ்பாவில் இல்லை, ஃபேக்டரியில் இருக்கிறது. 1960-களில் கொரியா ஏழை நாடு. சீன முடியில் செய்த விக்குகளை அமெரிக்கா 1965-ல் தடை செய்தபோது, அந்த இடத்தை கொரியா பிடித்தது. கிராமத்துப் பெண்கள் கூந்தலை வெட்டி விற்றார்கள். இளம்பெண்கள் ஃபேக்டரியில் உட்கார்ந்து இழை இழையாக விக் பின்னினார்கள். 1970 வாக்கில் விக் அந்த நாட்டின் தலையாய ஏற்றுமதிகளில் ஒன்று.

மவுசு குறைந்ததும் முதலாளிகள் கையை விரித்தார்கள். 1979 ஆகஸ்ட்டில் 'ஒய்.எச்' என்ற விக் நிறுவனம் மூடப்பட்டதை எதிர்த்து, அதன் பெண் தொழிலாளர்கள் சியோலில் எதிர்க்கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். போலீஸ் உள்ளே புகுந்தது. கிம் கியாங் சுக் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். அந்தச் சம்பவம் கிளப்பிய அரசியல் புயலில் அடுத்தடுத்துப் போராட்டங்கள் வெடித்தன. அதே அக்டோபரில் சர்வாதிகாரி பார்க் சுங் ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். ஓர் ஆட்சியின் முடிவுக்கு விக் பின்னிய பெண்களும் ஒரு காரணம்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. உலகத்துக்கு முடி விற்பதில் இந்தியா முன்னணி நாடு. பழனியிலும் திருப்பதியிலும் நாம் இறக்குகிற முடி ஏலத்தில் போகிறது. தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டை போடக் கட்டணம் இல்லை. ஆனால் முடிக்கு விலை உண்டு. தலைவாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டி எறவாணத்தில் செருகி வைத்து, முடி வாங்குகிறவர் வந்தால் பாத்திரமோ ஹேர்பின்னோ மாற்றிக்கொள்வாள் என் அப்பத்தா. அந்தச் சிக்குமுடியையும் பிரித்து, கழுவி, விக் ஆக்குகிறார்கள். உதிர்ந்த முடிக்கும் காசு, உதிராமல் இருக்கவும் காசு. நடுவில் நாம்.

வேலை செய்யுமா, செய்யாதா?

நேராக விஷயத்துக்கு வருவோம். வெளியே தெரிகிற முடி உயிரில்லாதது. உயிர் இருப்பது தோலுக்குள், வேரில். பிரஷ்ஷும் நீராவியும் மேல்தோலைச் சுத்தம் செய்யும். முடி மென்மையாகும். டென்ஷன் குறையும். வேருக்கு உள்ளே நடக்கிற பிரச்னையை அவை தொடாது.

மசாஜ் செய்தால் முடி வளருமா? 2016-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் தினமும் 4 நிமிடம், 24 வாரம் மசாஜ் செய்ததில் முடியின் தடிமன் கொஞ்சம் கூடியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் வெறும் 9 ஆண்கள்தான். முடியின் எண்ணிக்கை கூடவும் இல்லை. கவனியுங்கள், தினமும் 4 நிமிடம். மாசத்துக்கு ஒரு தடவை 2,800 ரூபாய் இல்லை.

அதற்காக 'எல்லாத்துக்கும் நம்ம எண்ணெய்தான்' என்று காலரைத் தூக்கிவிடவும் முடியாது. பொடுகுக்குப் பின்னால் இருப்பது 'மலசீசியா' என்ற பூஞ்சை. அது தலையில் இருக்கிற எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. பொடுகு முற்றிய தலையில் எண்ணெயை ஊறவைப்பது அதற்கு விருந்து வைக்கிற மாதிரி. அதற்கு டாக்டர் எழுதித் தருகிற கீட்டோகோனசோல் ஷாம்பூ வேலை செய்யும். பரம்பரை வழுக்கைக்கு மினாக்சிடில், ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு என்று நிரூபிக்கப்பட்ட மருந்துகள் உண்டு. எல்லாமே டாக்டரிடம் கேட்டுத்தான். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் இவற்றின் பக்கம் தாங்களாகவே போகவே கூடாது.

ஸ்பாவிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றால், கொரியாவில் யாருக்கும் வழுக்கை இருக்கக் கூடாது, இல்லையா? ஆனால் அங்கே வழுக்கை தேர்தல் பிரச்னை! 2022 அதிபர் தேர்தலில் போட்டியிட்ட லீ ஜே மியுங், முடி கொட்டுவதற்கான மருந்துச் செலவை அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பேன் என்று வாக்குறுதி தந்தார். நாடே அதை வைத்து வாதாடியது. நூலிழையில் தோற்றவர் 2025 ஜூனில் அதிபராகவே ஆகிவிட்டார். ஸ்கால்ப் ஸ்பாவை உலகத்துக்கு விற்கிற நாட்டின் இளைஞர்கள், தங்கள் தலைக்கு மாத்திரைதான் கேட்கிறார்கள்.

அப்பத்தாவின் கேள்வி

வீட்டுக்கு வந்து, வழுவழுப்பான முடியை அப்பத்தாவிடம் காட்டினேன். திராட்சைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்த கையால் தடவிப் பார்த்தாள். விலையைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள்.

"முடி கொட்டுதுன்னு தலையக் கொண்டுபோய்க் காட்டுனியே, வயித்தக் காட்டுனியாடி?"

எனக்குச் சுருக்கென்றது. காலையில் ஒரு டீ, மதியம் கிடைத்தது, ராத்திரி பார்சல். இதுதான் என் சென்னைச் சாப்பாடு. மறுநாளே ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 9.8. உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடந்தது. டெஸ்ட்டுக்கு ஆன செலவு ஸ்பா பில்லில் பாதிகூட இல்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அப்பத்தா கேட்டதுதான்: "ஒழுங்கா சாப்பிடுறியாம்மா?"

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர். இரும்புச்சத்துக் குறைவு முடி கொட்டுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. தைராய்டு, பி.சி.ஓ.எஸ், பிரசவம், பட்டினி டயட், டெங்கு மாதிரி கடுமையான காய்ச்சல் எல்லாம் மற்ற காரணங்கள். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாசம் கழித்துத்தான் முடி கொத்தாக வரும். அதனால் இரண்டையும் நாம் முடிச்சுப் போடுவதே இல்லை. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் தானாகவே சில மாசத்தில் சரியாகும். அந்தச் சமயம் பார்த்து பேக்கேஜ் எடுத்திருந்தால், நன்றியெல்லாம் ஸ்பாவுக்குப் போய்விடும்!

2025 தொடக்கத்தில் மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டத்துக் கிராமங்களில் மக்களுக்குச் சில நாட்களிலேயே முடி கொட்டி மொட்டையானது. ஷாம்பூவா, தண்ணீரா என்று ஊரே குழம்பியது. ரேஷன் கோதுமையில் இருந்த அதிகப்படியான செலினியம்தான் காரணம் என்று டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் தன் ஆய்வில் சொன்னார். தலையில் தெரிவது பல நேரம் தட்டில் தொடங்குகிறது.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் ஜன்னல் வழியாக வீசினோமே, அதுதான் இரும்புச்சத்து மாத்திரை. அதன் அருமை இப்போது தெரிகிறது.

போறதுன்னா போங்க, ஆனா...

ஸ்பாவுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுகத்துக்காகப் போங்கள், சிகிச்சை என்று நினைத்துப் போகாதீர்கள். போகும்போது சில விஷயங்களை மனசில் வையுங்கள்.

• கேமராவில் பயமுறுத்தி அன்றைக்கே பேக்கேஜ் எடுக்கச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். தலைமுடி ஒரு வாரம் காத்திருக்கும்.

• ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. வட்ட வட்டமாகச் சொட்டை, தலையில் புண், திடீரென்று கொத்தாக உதிர்வது என்றால் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். தேனி மாவட்டத்துக்காரர்கள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை மறந்துவிட வேண்டாம்.

• தலை அலசும்போது கழுத்தைப் பின்னால் ரொம்ப வளைக்க விடாதீர்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அழுத்தப்பட்டுப் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் 1993-லேயே மருத்துவ உலகம் இதற்கு 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்' என்று பெயர் வைத்துவிட்டது. 2022-ல் ஹைதராபாத்தில் 50 வயதுப் பெண்ணுக்கு பார்லரில் தலை அலசும்போது இப்படி நடந்தது செய்தியானது. பசங்களா, சலூனில் கழுத்தைத் திருப்பி 'டக்'கென்று நெட்டி எடுக்கிறார்களே, அதற்கும் 'வேணாம்ணே' சொல்லிவிடுங்கள்.

• பிரஷ், சீப்பு சுத்தமாக இருக்கிறதா என்று கேளுங்கள். சீரத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள்.

• தேய்த்துவிடுகிறவர் கையுறை போட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் ஊரைக் கேளுங்கள்.

மாத்திரை தொடங்கி மூன்று மாசம் ஆகிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கூட எலுமிச்சை பிழிந்த ஏதாவது ஒன்று. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டேன், அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். பாத்ரூம் ஜாலியில் முடி இன்னும் விழுகிறது, ஆனால் குறைந்திருக்கிறது. போன வாரம் அப்பத்தாவிடம் போனில் சொன்னேன்.

"அப்ப அந்த 24,000 மிச்சம்" என்றாள். "பாதியக் குடுத்து எனக்கும் ஒரு டெஸ்ட்டு எடுத்து விடு. எனக்கும் ரெண்டு வருஷமா தலை கிறுகிறுன்னுதான் வருது."

இரண்டு வருஷமாக. யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை. இந்த வாரம் ஊருக்குப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.